மஞ்சளுக்கு அடியில் மஞ்சள்

மார்கரெட் கைதட்டினாள். ஒரு பட்டாம்பூச்சிகூடப் பறக்கவில்லை.

மலைமேல் கரியாலூர் தாண்டிச் சாலையோரம் காரை நிறுத்திவிட்டு அவர்கள் ஏறிவந்த அந்தச் சரிவு முழுக்க வெள்ளைக் காட்டுப்பூக்கள் பூத்துக் கிடந்தன. பூவுக்கு ஒன்றாக மஞ்சள் பட்டாம்பூச்சிகள் சிறகை மூடி உட்கார்ந்திருக்க, மே மாத வெயிலில் தேனும் ஈரமண்ணும் கலந்தது போல ஒரு வாசனை தொண்டைவரை இனித்துக்கொண்டு இறங்கியது. உளுந்தூர்பேட்டை லாரி இரைச்சலிலேயே பழகிய காதுக்கு அந்த அமைதி சுகமாகத்தான் இருந்தது, ஒரு குருவிகூடக் கத்தவில்லை என்பது உறைக்கும்வரை.

கணவன் ஆல்பர்ட் தண்ணீர் பாட்டில் எடுக்கக் காருக்கு இறங்கியிருந்தான். ஆறு வயது மகள் மெர்லின் பூக்களுக்கு நடுவே குந்தியிருந்தாள்.

"அம்மா, எல்லாம் என்னையே பாத்துக்கினு இருக்குது."

"பூச்சி எங்கடி பாக்கப்போவுது? எழுந்து வா, போலாம்."

சொல்லும்போதே ஒன்று குழந்தையின் முழங்கையில் வந்து அமர்ந்தது. பிறகு நாலு. பிறகு கழுத்தில், காதோரத்தில், பின்னலில். வேர்வை உப்பைக் குடிக்க வருமென்று எங்கோ படித்திருந்தாள் மார்கரெட். மெர்லின் கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அழகாக இருந்ததால் மார்கரெட் செல்போனை எடுத்துப் படம் பிடித்தாள். இரண்டு. மூன்று. நாலாவது படத்தில் முகம் தெரியவில்லை.

சரிவில் இப்போது வெறும் பூக்கள். மஞ்சள் எல்லாம் மெர்லின்மேல்.

சிரிப்பு நின்றுவிட்டது.

ஓடினாள். இரண்டு கையாலும் வழித்து எறிந்தாள். மஞ்சளுக்கு அடியில் மஞ்சள். அதற்கும் அடியில் மஞ்சள். கவுன் தட்டுப்படவில்லை. தோல் தட்டுப்படவில்லை. முழங்கைவரை உள்ளே விட்டாள். எலும்பாவது தட்டுப்பட வேண்டாமா?

"மெர்லின்! வாயத் திறடி! மெர்லின்!"

"பிச்சிப் போடாதம்மா. வலிக்குது."

குரல் எதிரிலிருந்து வரவில்லை. அவள் எறிந்த பக்கத்திலிருந்து வந்தது.

திரும்பினாள். புல்லில் கிடந்தவை துடித்துக்கொண்டிருந்தன. சிறகு பிய்ந்தவை. பாதி நசுங்கியவை. மற்றவை ஒரே மூச்சில் மேலெழுந்து போயின. மகள் குந்தியிருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

"இன்னாச்சு? பாப்பா எங்க?"

ஆல்பர்ட் பாட்டிலோடு வந்து நின்றான்.

மார்கரெட் புல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வலது கையை இறுக மூடியிருந்தாள். விரலிடுக்கில் மஞ்சள் பொடி. பொடியோடு சிவப்பாக ஈரம். உள்ளே எதுவோ படபடத்தது.

மூடிய கைக்குள்ளிருந்து கேட்டது.

"அம்மா... இறுக்காதம்மா."