படங்களின் பின்பக்கம்

வாண்டுக்குப் பள்ளி விடுமுறை. அம்மாவுக்கு இல்லை. அதனால் அம்மாவோடு தீயணைப்பு நிலையத்தின் மாடி அறைக்கு வந்துவிட்டாள். நிலையத்தின் பழைய புகைப்படங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கணினியில் சேமிப்பதுதான் அங்கே அம்மாவின் வேலை.

“எதையும் தொடக் கூடாது” என்றாள் அம்மா.

சும்மா இருக்கச் சொன்னால் இருக்கிற பிள்ளையா அவள்? ஆனாலும் பாவம், கையைக் கட்டிக்கொண்டு கணினியையே பார்த்தாள். வண்டி முன்னால் ஒன்பது பேர். கீழே, ‘பெயர் தெரியவில்லை’. அடுத்த படத்துக்கும் அதேதான்.

“ஏம்மா, யாருக்குமே பேர் கிடையாதா?”

“இருந்திருக்கும். யாரும் எழுதி வைக்கலையே.”

“பின்னாடி பாத்தியா? எங்க கிளாஸ் போட்டோவுல நான் பின்னாடிதான் எழுதியிருக்கேன்.”

அம்மாவின் கை அப்படியே நின்றது. மெல்ல அந்த ஒன்பது பேர் படத்தைத் திருப்பினாள். பென்சிலில் ஒன்பது பெயர்கள். கடைசியில் ஒரு வரி: ‘ஓரத்தில் நிற்பவர் சமையல்காரர். ஓட்டுநர் காய்ச்சலில் கிடந்ததால் அன்று வண்டியை ஓட்டியவர் இவரே.’

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். “முந்நூறு படத்துலயும் முன்பக்கத்த மட்டும்தான் எடுத்திருக்கேன். நாலு மணிக்குப் பெட்டிய சீல் வச்சு வெளியூருக்கு அனுப்பிடுவாங்க. அதுக்குள்ள முந்நூறையும் எப்படி எடுக்கிறது?”

“எதுக்கு முந்நூறு? எழுத்து இருக்கிறத மட்டும் எடு. நான் பிரிச்சுத் தரேன்.”

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையை நீட்டினாள். அது வாண்டின் கையில் தொளதொளவென்று ஆடியது. படங்களின் ஓரத்தைப் பிடித்து ஒவ்வொன்றாகத் திருப்பினாள். எழுதாதது இடப்பக்கம், எழுதியது வலப்பக்கம். சாப்பாடுகூட மறந்துபோயிற்று. நாற்பத்தாறு தேறின. மூன்றே முக்காலுக்கு அம்மா கடைசிப் படத்தையும் எடுத்து முடித்தாள்.

நாலு மணிக்கு நிலைய அதிகாரி வந்தார். சமையல்காரரைப் பற்றிய வரியை இரண்டு முறை படித்தார்.

“இதே படத்தோட காப்பி ஒண்ணு என் ரூம்ல மாட்டியிருக்கு. இவர் யாருன்னு கேக்காத ஆளில்ல, பதில் சொல்லத்தான் ஆளில்ல. யார் கண்டுபிடிச்சது?”

“பின்னாடி பாக்காம விட்டது என் தப்பு சார். கண்டுபிடிச்சது என் பொண்ணு.”

அம்மா அதைப் பெருமையாகச் சொன்னதைக் கேட்டு வாண்டுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அதிகாரி படங்களின் பட்டியலில் ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தைக் காட்டி, பேனாவை நீட்டினார். “போடும்மா கையெழுத்த.”

வாண்டு நாக்கைத் துருத்திக்கொண்டு தன் முழுப்பெயரையும் எழுதினாள். அது பக்கத்துக் கட்டத்தையும் பிடித்துக்கொண்டது. யாரும் குறை சொல்லவில்லை.