உள்பக்கத்துக் கறை

மூன்றாவது ஜன்னலில் ஒரு கறை இருந்தது. பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டுத் துடைத்தார், போகவில்லை. கொஞ்சம் அழுத்தித் துடைத்தார், அப்படியே இருந்தது. பொம்மை ரயில் பெட்டியை விளக்குக்கு நேராகத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தபோதுதான் கறை கண்ணாடியின் உள்பக்கம் இருப்பது தெரிந்தது. கூரையை ஒட்டி மூன்று நாளாகிவிட்டது. இனி உள்ளே பஞ்சு என்ன, ஊசி கூடப் போகாது.

முப்பத்தெட்டு வருடம் பல் செட் கட்டிப் பிழைத்தவர் அவர். தெருவில் பாதிப் பேர் அவர் செய்த பல்லைக் காட்டித்தான் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். தொழிலை விட்ட பிறகு, பல் அச்சு எடுத்து மிஞ்சிய பிளாஸ்டரில் ஒரு மலை செய்தார். மலை இருந்தால் குகை வேண்டும், குகை இருந்தால் ரயில் வேண்டும் என்று வீட்டின் பின்னறை முழுக்க ஒரே மேஜையாகி, அதில் இரண்டு நடைமேடை, ஒரு சிக்னல் அறை, நானூறு மரம் வளர்ந்து நின்றன. ஓட்டுவதில் அவருக்கு அவ்வளவு ஆசை கிடையாது. பழசாக்குவதில்தான் ஆசை. பளபளவென்று வரும் பெட்டியின் மீது நீர்த்த பழுப்பைப் பூசி, ஆணித்தலைகளுக்குக் கீழே துருவை ஒழுகவிட்டு, படிக்கட்டில் மட்டும் கால்பட்டுத் தேய்ந்த வெள்ளையைக் காட்டி, நாற்பது வருடம் மழையில் ஓடிய வண்டியாக்கிவிடுவார். பொய்ப்பல்லும் அப்படித்தான். ரொம்ப வெள்ளையாக இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும், ஓரத்தில் துளி மஞ்சள் வேண்டும்.

இந்தப் பெட்டி மற்றதைப் போல இல்லை. இதில் மூன்றாவது ஜன்னலோரம் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். இரண்டு சென்டிமீட்டர் பொம்மைதான். ஆனால் அவளுடைய கத்தரிப்பூ நிறச் சால்வைக்கு ஐந்து தடவை வண்ணம் கலந்து அதே நிறத்தைக் கொண்டுவந்திருந்தார். முகத்திலும் கை மடிப்பிலும் கொஞ்சம் பழுப்பை ஓடவிட்டு வயதைக் கொடுத்திருந்தார். அவள் போய்ப் பதினான்கு மாதம். பேச ஆளில்லாத வீட்டில் ஃப்ரிட்ஜ் உறுமுவதும் நிற்பதுமே பேச்சாக இருந்தது. அது உறுமும்போது அவர் தலையைத் தூக்குவார், நிற்கும்போது மறுபடி குனிந்துகொள்வார். அவ்வளவு தனிமை.

கறை கண்ணை உறுத்தியது. பொம்மை ரயில் கிளப்பில் எல்லோரும் துருக்காரர் என்று கூப்பிடும் நண்பருக்கு ஃபோன் போட்டார். துரு பூசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, அதனால் அந்தப் பெயர்.

"கண்ணாடிய மாட்டின பிறகா கூரைய ஒட்டினீங்க?" என்றார் துருக்காரர்.

"ஆமா."

"எதுல? சூப்பர் க்ளூவுலயா?"

"கொஞ்சம் அவசரம்..."

"போச்சு போங்க. கத்துக்குட்டி பண்ற தப்ப நீங்க பண்ணலாமா? அந்தப் பசையோட ஆவி வெளிய போக வழியில்லாம கண்ணாடியில பனி மாதிரி படிஞ்சுடும். மழை நாள்ல இன்னும் மோசம். இதுல ஒரு வேடிக்கை இருக்கு, கைபட்ட இடமா பார்த்துத்தான் முதல்ல வெள்ளை ஏறும். போலீஸ்ல கைரேகை எடுக்கறதே இப்படித்தானாம்."

"நான் உள்பக்கம் தொடவே இல்லையே. இடுக்கியாலதான் பிடிச்சு மாட்டினேன்."

"அப்ப உள்ள இருக்கறவங்க தொட்டிருப்பாங்க," என்று துருக்காரர் பெரிதாகச் சிரித்தார். இவரும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார்.

ஃபோனை வைத்துவிட்டு, பல் வேலைக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டார். கடுகளவு வெள்ளை. கீழே அகலம், மேலே கொஞ்சம் நீளம், பக்கத்தில் ஒரு சின்ன முனை. ஏதோ கரண்டியின் தடம் என்றுதான் முதலில் நினைத்தார். விரல் என்று தனித்தனியாக எதுவும் இல்லாததால் அது கை என்று பிடிபடச் சற்று நேரமானது. அந்த அளவு பொம்மைக்கு யாரும் விரல் பிரித்துச் செய்வதில்லை. கை ஒரே துண்டாக இருக்கும். நடுவே பழுப்பால் மூன்று கோடு இழுத்தால் பார்க்கிறவர் கண்ணே விரலாக்கிக்கொள்ளும்.

பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு விளக்கை அணைத்தார். அன்று புதன்கிழமை.

வியாழக்கிழமை நான்காவது ஜன்னலில் இருந்தது. ஆனால் முந்தையதைப் போல முகத்தின் உயரத்தில் இல்லை. ஜன்னலின் கீழ்விளிம்பை ஒட்டி, எக்கிப் பிடித்தது போல இருந்தது. வெள்ளிக்கிழமை ஐந்தாவது. அதுவும் கீழ்விளிம்பில்தான். பசையின் ஆவி, மழை ஈரம், துருக்காரர் சொன்ன கணக்கு என்று எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவருடைய குரலே அவருக்கு அந்நியமாகக் கேட்டது. வெளியே விடாத மழை. அறையில் வண்ணத் தூளின் வாசனையும் ஈரப் பிளாஸ்டரின் வாசனையும் கலந்து, மேஜையைச் சுற்றித் தரைவரை தொங்கவிட்டிருந்த கறுப்புத் துணியில் ஏறி நின்றது. கீழே கிடக்கும் ஒயர் குப்பையை மறைக்கத் தொங்கவிட்ட துணி அது.

ஏன் கீழ்விளிம்பு?

அந்தக் கேள்விக்குப் பதில் அவருக்குத் தெரியும். பெட்டியின் இருக்கைகள் உயரமாக வந்துவிட்டன. பொம்மையை உட்காரவைத்தால் முழங்கால் இடிக்கிறது. இந்த வேலை செய்கிற எவருக்கும் இது பழக்கம்தான், காலை வெட்டிவிடுவார்கள். ஜன்னல் வழியாக யார் காலைப் பார்க்கப் போகிறார்கள்? ஆறு பயணிகளுக்கும் யோசிக்காமல் வெட்டினார். ஏழாவதாக அவளை எடுத்தபோது பிளேடு கொஞ்சம் தயங்கியது. தயங்கிவிட்டு வெட்டியது. முழங்காலுக்குக் கீழே. இரண்டு சின்னத் துணுக்குகள் மேஜையில் உருண்டன, அவற்றையும் மற்றதோடு சேர்த்துக் குப்பைக்கூடையில் தள்ளினார்.

சனிக்கிழமை ஆறாவது ஜன்னல். இந்த முறை கறை இழுபட்டிருந்தது.

ஞாயிறு காலை மகள் ஃபோனில் வந்தாள். வேறு ஊரில் கணவனோடு இருக்கிறாள். "இன்னும் அந்த ரூம்லயேதான் இருக்கீங்களாப்பா? சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேம்மா."

"பொய். குரலே சொல்லுது. இங்க வந்துடுங்கப்பா. அங்க யாரு இருக்கா உங்களுக்கு?"

பெட்டியைப் பார்த்தார். "மழை விடட்டும்மா," என்றார்.

மகளிடம் அவர் சொன்ன பெரிய பொய் சாப்பாட்டைப் பற்றியது இல்லை. அம்மா விழுந்த அன்று மகள் வந்து இறங்கியதும் கேட்டது ஒரே கேள்விதான். "அம்மா உங்களக் கூப்பிடவே இல்லையாப்பா?" இல்லம்மா, சமையலறையில் விழுந்தவள் அப்படியே போய்விட்டாள் என்றார். கூப்பிட்டாள். இரண்டு தடவை கூப்பிட்டாள். "இதோ வர்றேன், பசை காயட்டும்," என்று கதவுக்கு முதுகைக் காட்டி இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி பதில் சொன்னார், கையில் ஒரு நிலையத்துக் கூரை இருந்தது. இன்னும் நாற்பது நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தபோது அவள் அறை வாசலில் கிடந்தாள். சமையலறையிலிருந்து பின்னறை வரை, நடைவழிச் சுவரில் முழங்கால் உயரத்தில், மாவுக்கை பதிந்த தடங்கள். கால் வரவில்லை, கையால் இழுத்துக்கொண்டே வந்திருக்கிறாள். மகள் வருவதற்குள் ஈரத் துணியால் சுவர் முழுவதையும் துடைத்தார். தடயத்தை வரவழைப்பதே வேலையாக இருந்தவர், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அழித்தார்.

அதனால்தான் கீழ்விளிம்புத் தடம் அவருக்குத் தெரியும். பார்த்த அன்றே தெரியும்.

ஞாயிறு மதியம் ஏழாவது ஜன்னலில் இரண்டு கையும் பதிந்திருந்தன. ஏழாவதை அடுத்துக் கதவு. பூதக்கண்ணாடிக்குள் அதைப் பார்த்தார். அது கதவே இல்லை. சுவரில் கீறிய கோடு. கைப்பிடி என்பது ஒரு துளி வெள்ளி வண்ணம். எவ்வளவு தள்ளினாலும் திறக்காது.

"இரு," என்றார். "இரும்மா, இதோ."

பயம் இருந்தது. பயத்துக்கு மேல் ஆசை இருந்தது. புது பிளேடை மாட்டிக் கோட்டின் மேலேயே பத்துப் பதினைந்து தடவை கீறினார். கதவு அரிசி விழுகிற சத்தத்தோடு கழன்று விழுந்தது. உள்ளே இருட்டு. பசை நெடி. குனிந்து பார்க்கத் துணிவு வரவில்லை. டீ போட்டுக்கொண்டு வந்து பார்க்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காற்றடித்து எதுவும் விழுந்துவிடக் கூடாதென்று அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

டீயோடு வந்தார். கதவைச் சாத்தினார். உட்கார்ந்தார்.

மூன்றாவது ஜன்னலுக்குப் பின்னால் சால்வையின் நிறம் இல்லை. கூரையின் ஓரத்தில் பிளேடைச் செருகி நெம்பினார், படக்கென்று பெயர்ந்தது. ஆறு பேர் அவரவர் இடத்தில் முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது இருக்கையில் காய்ந்த பசை மட்டும், நடுவில் பெயர்த்தெடுத்த பள்ளம்.

நடைமேடையில் தேடினார். புல்லில் தேடினார். மரங்களை ஒவ்வொன்றாக விலக்கினார். டார்ச் அடித்து மலைக் குகைக்குள் பார்த்தார்.

மணி நாலரை. மழை வெளிச்சம் மங்கலாக அறைக்குள் வந்தது. நிமிர்ந்தபோது அறைக் கதவு கண்ணில் பட்டது. மேலிருந்து கீழ்வரை கண்ணாடி பதித்த கதவு. ஈரத்தில் வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. அதில், முழங்கால் உயரத்தில், ஒரு கை.

கடுகளவு இல்லை. நிஜக் கையின் அளவு.

அவருக்கு அழுகை பொங்கியது. வந்துவிட்டாள். அன்றைக்குப் போலவே வாசல்வரை வந்து வெளியே காத்துக்கிடக்கிறாள். இந்த முறை ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. "இதோ வர்றேன்," என்று எழுந்தார். டீ கவிழ்ந்தது. ஓடிப்போய்க் கதவுக்கு முன் மண்டியிட்டு, தன் உள்ளங்கையை அந்தக் கையின் மேல் வைத்தார்.

ஈரம்.

கையை எடுத்தார். தடம் கலைந்திருந்தது. அவருடைய உள்ளங்கையில் தண்ணீர்.

தடம் வெளியே இல்லை. இந்தப் பக்கம். உள்ளே.

பின்னால் துணி உரசியது. மேஜையைச் சுற்றித் தொங்கிய துணி. நின்றது. மறுபடி உரசியது. தரையில் ஏதோ கனமாக இழுபட்டது. ஒரு இழுப்பு. ஓய்வு. ஒரு இழுப்பு. பசை நெடி.

வா, வா என்று பதினான்கு மாதம் கூப்பிட்டவர் அவர்தான்.

"வேணாம்மா," என்றார். "வராத."

இழுப்பு நிற்கவில்லை. கைப்பிடி தலைக்கு மேலே இருந்தது. கை எழவில்லை. மண்டியிட்டபடியே இருந்தார். திரும்பவில்லை.

காலில் பட்டது.

குனிந்து, அக்குள் இடுக்கு வழியாகப் பின்னால் பார்த்தார். கணுக்காலின் மேல் ஒரு கை. அவர் கலந்த அதே தோல் நிறம், தூரிகை போன தடம்கூடத் தெரிந்தது. நகம் இல்லை. விரல்கள் பிரியவில்லை. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பழுப்புக் கோடுகள். மெல்ல மேலேறியது. தடவிப் பார்த்தபடி, அவசரமில்லாமல், கெண்டைக்காலைத் தாண்டியது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. அந்த இடத்தைக் குறித்துக்கொள்வது போல ஒரு தடவை அழுத்தியது.