தண்ணீரில் ஐந்தாவது மரம்

கரையில் நான்கு பனைமரங்கள்தான் நின்றன. கேமராவின் சின்னத் திரையில், தண்ணீருக்குள், ஐந்து இருந்தன.

தபீதாள் குனிந்து மறுபடி பார்த்தாள். செம்பாக்கம் ஏரியின் பழைய மதகுப் படிக்கட்டில், தண்ணீரை ஒட்டிய கடைசிப் படியில் ட்ரைபாடை ஊன்றி, விடியுமுன் எடுத்த முதல் படம் அது. ஆகாயத்தாமரை அழுகிய வாடையும் சாக்கடை நாற்றமும் பனியோடு கலந்து மூக்கை அடைத்தன. தாம்பரம் பக்கம் மின்சார ரயில் ஒன்று ஊதிவிட்டு ஓய்ந்தது. எங்கோ ஒரு கோவிலின் மார்கழி ஒலிபெருக்கி, பனிக்குள் அமுங்கி, யாரோ வாயைப் பொத்திக்கொண்டு பாடுவதுபோல் கேட்டது.

போன மாதம் போட்டோ கிளப்பில் மோகன்ராஜ் அவளுடைய ஆடிக் கலங்கிய படங்களை எல்லார் முன்னாலும் திரையில் போட்டு, "மேடம், ஏரி ஓடுதா, இல்ல நீங்க ஓடுறீங்களா?" என்று கேட்டான். அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகுதான் ட்ரைபாட் வாங்கினாள். வெளிச்சம் போதாதபோது ஷட்டரை நெடுநேரம் திறந்துவைக்க வேண்டும், விரல் பட்டால்கூட ஆடிவிடும் என்பதால் டைமரில் போட்டுவிட்டு விலகி நிற்க வேண்டும் என்றெல்லாம் இணையத்தில் படித்து, பள்ளிக்கூடத்துக் கணக்குப் பாடம்போல மனப்பாடம் செய்திருந்தாள்.

"முடிஞ்சுதா இல்லையா?"

கணவன் ஜேசன். ஏரிக்கரை வளையும் இடத்தில், நான்காவது மரத்தடியில் பைக்கை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்திருந்தான். திருமுடிவாக்கத்துப் பட்டறையில் ஆறு நாள் சூப்பர்வைசர் வேலை. ஏழாவது நாள் தூக்கத்தையும் இவள் பிடுங்கிக்கொண்டாள் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தவன்.

"இன்னும் ரெண்டே படம்ங்க."

"கொசு பிச்சு எடுக்குது. சர்ச்சுக்கும் லேட்டாகப்போவுது. அழுக்குத் தண்ணியப் போட்டோ புடிக்க ஒரு பொண்டாட்டி!"

அவள் முந்தானையால் லென்ஸைத் துடைத்தாள். திரையில் மற்ற நான்கும் தண்ணீரில் தலைகீழாக ஓலை விரித்திருக்க, அந்த ஐந்தாவதுக்கு ஓலை இல்லை. முதல் மரத்துக்கும் அப்பால், மெலிந்து, நெடுநெடுவென்று, நடுவில் கொஞ்சம் மடங்கி நின்றது. கரையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

இரண்டாவது படம் எடுத்தாள். திரையில் அது இரண்டாவது மரத்துக்கும் மூன்றாவது மரத்துக்கும் நடுவில் நின்றது.

லென்ஸ் கோளாறு என்று நினைக்கத்தான் பார்த்தாள். ஆனால் அவள் படித்திருந்தாள். ஷட்டர் நெடுநேரம் திறந்திருந்தால் அசைகிற எதுவும் கரைந்துபோகும். அசையாமல் நிற்பது மட்டுமே கூர்மையாக விழும். அது கூர்மையாக விழுந்திருந்தது. அப்படியானால் படம் எடுக்கும்போதெல்லாம் அது நின்றிருக்கிறது. அவள் திரையைக் குனிந்து பார்க்கும்போதுதான் நடந்திருக்கிறது.

அவள் மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

கிழக்கே வானம் சாம்பல் நிறமாகியிருந்தது. இனி கேமரா தேவைப்படவில்லை. தண்ணீரில் தெரிந்த கரையில் அது நடந்துகொண்டிருந்தது. மரத்துக்கு இல்லாத முட்டிகள் மடங்கி, நிமிர்ந்து, மடங்கி. ஒரு சிற்றலைகூட எழவில்லை. மேலே, கரையில், புல் அசையவில்லை. ஒரு கொக்கு ஒற்றைக்காலில் தூங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரில் அதே கொக்கு பதறி இறக்கையை அடித்துக்கொண்டு பறந்து போனது. கரையிலிருந்த கொக்கு தூங்கிக்கொண்டே இருந்தது. அதன் காலடித் தண்ணீரில் எதுவும் தெரியவில்லை.

ஒலிபெருக்கி நின்றுபோனது.

"என்னங்க." கையை வீசிக் கூப்பிட்டாள். "என்னங்க! இந்தப் பக்கம் வந்துடுங்க!"

"எதுக்கு?"

"சொன்னாக் கேளுங்க. உங்க பின்னாடி..."

ஜேசன் திரும்பிப் பார்த்தான். பனி. மரம். வெறும் கரை. "ஒண்ணும் இல்லியே. காலங்காத்தால என்னை முட்டாளாக்கிப் பாக்குறியா? இந்தக் கேமராவத் தூக்கி ஏரியில..."

பேச்சு நின்றது. வாய் திறந்தபடி இருந்தது.

தண்ணீரில், நீண்ட கைகள் இரண்டு அவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்திருந்தன. தண்ணீரிலிருந்த ஜேசன் திமிறினான். காலை உதைத்தான். பைக்கைப் பற்றப் பார்த்தான். பிடி நழுவியது. அவனைக் கரையிலிருந்து பிய்த்து, ஏரியின் நடுப்பக்கம், கீழே, ஆழத்துக்குள் இழுத்துப் போட்டது அது.

கரையில் ஜேசன் வாயை மூடினான்.

தபீதாள் படியில் மண்டியிட்டாள். கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினாள். சேறு. வேர். அழுகல். கலைந்த பிம்பங்கள் மறுபடி ஒன்றுசேர்ந்தன.

"எடும்மா."

படிக்கட்டின் மேல் அவன் நின்றிருந்தான். எப்போது வந்தான்? காலடிச் சத்தம் கேட்கவில்லை.

"இன்னொரு படம் எடு. அவசரமே இல்ல. நான் வெயிட் பண்றேன்."

இருபது வருடத்தில் அவன் அவளிடம் இவ்வளவு இதமாகப் பேசியதில்லை.

ஒவ்வொரு படியாக இறங்கினான். ஜேசனின் செருப்பு. ஜேசனின் ஸ்வெட்டர். கடைசிப் படியின் மறு ஓரத்தில் வந்து நின்று, அவளைத் தூக்கிவிட ஒரு கையை நீட்டினான். சிரித்தான்.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் காலடியில் தண்ணீரைப் பார்த்தாள். அங்கே அது நின்றது. நெடுநெடுவென்று, தலைகீழாக, நீண்ட கையை அவளை நோக்கி நீட்டியபடி.

அதற்கும் அப்பால், ஏரியின் நடுவில், தண்ணீரின் மேல்பரப்பை உள்ளிருந்து இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டிருந்தான் ஜேசன். அவன் வாய் அவள் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னது. ஒரு சத்தமும் இல்லை. ஏரி ஆடாமல், அசையாமல், தெளிவாகக் கிடந்தது.