மறுபடி சுட்ட மேடு

சூளைமானியின் திரையில் இந்த ஆண்டு தெரிந்தது. ருமானா குழியிலிருந்து இன்னொரு பானையோட்டை எடுத்து வைத்தாள். அதற்கும் இந்த ஆண்டுதான்.

"கருவி கெட்டுப்போச்சா?" என்றார் நெய்னா லெப்பை, கொற்றித்துறையின் ஜமாத் தலைவர். அவருக்குப் பின்னால் ஊரே முறைத்துக்கொண்டு நின்றது.

"கெடலை. புயலுக்குப் பயந்து நீங்க முகாமுக்குப் போனப்ப, குழியெல்லாம் கரி கொட்டி எரிச்சிருக்காங்க."

மண்பாண்டம் வேகும்போது, அதன் மண்ணிலுள்ள மணல்மணிகளில் தேங்கிய கதிராற்றல் மொத்தமும் வடிந்துவிடும். ஆறியதும் மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். சேர்ந்ததை அளந்து, சுட்ட ஆண்டைச் சொல்வது ருமானா உருவாக்கிய சூளைமானி. அது வந்தபின் நிலத் தகராறுக்கெல்லாம் ஒரே சட்டம்: ஒரு மண்ணில் கிடைக்கும் மிகப் பழைய ஓட்டைச் சுட்டவர் யாரோ, அவர் வழியினருக்கே அந்த மண்.

ருமானா ஓட்டைத் துடைத்தாள். தடித்த நீலப்பச்சை மெருகு. தோளில் கயிறுபோல் ஒட்டிய வரி. கடல்கடந்த பஸ்ரா பக்கத்துச் சாடி. அப்பாசியர் ஆட்சியின் தொடக்கக் காலம், ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முந்தையது. லெப்பையின் முன்னோர் அங்கே சுட்டு, கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. இதைச் சொல்ல அவளுக்குக் கருவியே வேண்டியதில்லை.

நில மன்றத்தில் அதைத்தான் சொன்னாள்.

கொற்றித்துறையைக் கேட்டு வழக்காடிய துறைமுக நிறுவனத்தின் வக்கீல் தனபாலன் எழுந்தார். "கண்ணால பாத்துச் சொல்றது சாட்சியம் ஆகாதுன்னு இதே மன்றத்துல, உப்பளத்து ஊர் வழக்குல வாதாடி ஜெயிச்சது யாரு மேடம்?"

அவள்தான். நடுவர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சூளைமானி சொல்றது மட்டும்தான் செல்லும்."

"அப்ப தீ வச்சவனை என்ன பண்றது?" லெப்பை கத்தினார்.

தனபாலன் மறுப்பார் என்று ருமானா எதிர்பார்த்தாள். அவரோ நிதானமாகச் சொன்னார்: "நாங்கதான் வச்சோம். பதிவு பண்ணிக்குங்க. இந்த ஆண்டு இந்த ஓட்டைச் சுட்டது எங்க நிறுவனம்."

குற்றத்தை ஒப்புக்கொண்ட அதே வாயால் அவர்கள் பட்டா கேட்கிறார்கள். கிடைத்த ஓடெல்லாம் இந்த ஆண்டுதான் என்பதால், சட்டப்படி கொற்றித்துறையின் முதல்குடி இனி அவர்கள்தான்.

"நீ கொண்டாந்த சனியன்தானே இது?" லெப்பை அவள் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். "நீயே வாயைத் திறந்து சொல்லு!"

ருமானா எழுந்தாள். "ஐயா, தீ பட்டா இந்தக் கருவிக்கு உண்மையான வயசு தெரியாது. எந்த வீடும் எப்ப வேணும்னாலும் எரிஞ்சிருக்கலாம். இதை நம்பித் தீர்ப்பு சொல்லாதீங்க. இனி எந்த வழக்குலயும்."

லெப்பையின் ஆட்கள் ஆரவாரித்தார்கள்.

அடுத்து வரும் நட்ட ஈட்டு வழக்குக்காகப் பின்வரிசையில் காத்திருந்த உப்பளத்துப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். முன்னால் நின்றவள் ருமானாவின் மேசையை நோக்கி நடந்துவந்தாள்.

"அப்ப எங்க ஊரை எதை வச்சும்மா இடிச்சீங்க?"