சாயமில்லாத நீலம்

சன்னலோரம் ரோகிணி, எதிரே பத்மநாபன், கதவுப் பக்கம் சீதாராமன். பாலாநகர் ஆய்வுக்கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு அவரவர் இடம் அதுதான். அன்று ரோகிணியின் கட்டைவிரல் நகம் மட்டும் நீலமாக மின்னியது.

"நெயில் பாலிஷ் கைக்கூ அம்மா, எதுக்கு, கல்யாண வீடா?" என்றார் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்து, ஊர் உருதைக் கலந்தே பேசும் பத்மநாபன்.

"நான் எதுவும் போட்டுக்கல சார்."

அவள் கையைத் திருப்பினாள். நீலம் மறைந்தது. விரல் நுனி கண்ணாடியாகி, அதன் வழியே தயிர்சாதம் தெரிந்தது.

சீதாராமன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அவர்கள் ஆராயும் கடல் மிதவையுயிர்களும் அப்படித்தான். உடலில் சாயமே இல்லை. படிகத் தகடுகளில் வெளிச்சம் பட்டால் நீலம், கோணம் மாறினால் வெறுமை. அவற்றின் ஓட்டைக் கரைக்க ஒரு பூஞ்சையின் நொதியைப் பொடியாக்கி வைத்திருந்தார்கள். பைகளிலும் சட்டைகளிலும் படியும் அந்தப் பொடி, உலர்ந்திருக்கும்வரை தூங்கும். ஈரம் பட்டால் விழிக்கும்; பட்ட உடலிலும் அதே தகடுகளை வளர்க்கும் போலிருக்கிறது. ரோகிணிக்கு எப்போதும் கை வியர்க்கும்.

மறுநாள் ஏசியின் ரீங்காரத்துக்கு அடியில், கரையொதுங்கிய நண்டின் வாடையோடு, எவர்சில்வர் டப்பாவில் ஸ்பூன் மெல்ல உரசும் சத்தம் விடாமல் கேட்டது. சன்னலோர நாற்காலி காலி.

"கிட்ட வராத சீதா, நக்கோ, வேணாம்."

பத்மநாபனின் குரல். எதிர் நாற்காலியும் காலி.

மேகம் விலகியது. ஒரு நொடி, இரண்டு நீல உருவங்கள். அவரவர் இடத்தில்.

சீதாராமன் மெட்டுகுடா வீட்டுக்கு ஓடிவந்து நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுத்தம். வியர்க்காமல் மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்தான். லீவுக்கு ஊரிலிருந்து வரவிருந்த மனைவி சாந்தாவையும் குழந்தை ஹர்ஷிதாவையும் தடுத்தாக வேண்டும். போனில் குரல் காட்டிக்கொடுத்துவிடும். ஆபீஸ் பையிலிருந்து உறையையும் ஸ்டாம்பையும் எடுத்தான்.

'இங்கே தண்ணீர்க் கஷ்டம். வர வேண்டாம். உறையிலிருந்து ஸ்டாம்பைப் பிய்த்துக் குழந்தையிடம் கொடு, வழக்கம்போல் நாக்கில் நனைத்து நெற்றியில் ஒட்டிக்கொள்ளட்டும்.'

மடித்தான். உறையின் பசையை நாக்கால் ஒரே சீராக நனைத்து ஒட்டினான். பிறகு ஸ்டாம்பை. உப்புக் கரித்தது.

தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டு நான்கு அடி வைத்தபின்தான் உறைத்தது.

திரும்பினான். தபால்காரர் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லி வாயைத் திறந்தான். குரல் இல்லை. அவர் அவன் வாயைப் பார்த்தார். "அம்மோ!" சைக்கிள் பறந்தது.

நின்றிருந்த கார்க் கண்ணாடியில் பார்த்தான். நாக்கு, நீலம்.

லேசாகத் தலையைத் திருப்பினான்.

நாக்கு இல்லை.