கறுத்த பலகையில் ஒற்றை முள்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. மக்காசார் துறைமுகத் தெருவில், முஸ்தாரியின் உதிரிபாகக் கடைக்கு மேலிருந்த அறையில், விமானம் செத்துக் கிடந்தது.

கணினித் திரையில், நிஜம் போலவே விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில், ஓடுபாதை தெரிந்தது. இறக்கை, சக்கரம், மூக்கில் தீட்டிய நீலக் கோடு எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. விமானி அறைக்குள் போனால்தான் கோளாறு. வேகமானி, உயரமானி, திசைகாட்டி இருந்த இடமெல்லாம் கறுப்பு ஓட்டைகள். எஞ்சின் சத்தமும் இல்லை. ஓரத்தில் எரிபொருள் முள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"நேத்து மத்தியானம் பறந்துச்சே, எல்லாரும் பார்த்தீங்கல்ல?" முஸ்தாரி கத்தினார். "பழைய சிமுலேட்டர் காலத்துல ஒவ்வொரு முள்ளா நானே செஞ்ச விமானம். புது சிமுலேட்டர்ல பறக்க வைக்க ஆறு மாசம் நாயா அலைஞ்சேன்!"

தென்ரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விபத்தில் சிக்கிய வண்டிகளைச் சோதித்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது அவள் பிழைப்பு. தானாக நசுங்கிய மட்கார்டையும் சுத்தியலால் நசுக்கியதையும் தடவியே பிரித்துவிடுவாள். ஓய்வு நேரங்களில் இங்கே கணினியில் விமானம் ஓட்டுவாள்.

"யார் மேல சந்தேகம், டாயெங்?" முஸ்தாரியை அந்தத் தெருவில் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"சந்தேகம் என்ன? அந்த எரிபொருள் முள்ளு யாரோடது? சங்காலாவோடது. பழசு தப்பாக் காட்டுதுன்னு போன மாசம் அவன்தான் புதுசா செஞ்சு மாட்டினான். என்னோடத எல்லாம் அழிச்சுட்டு அவனோடத மட்டும் விட்டுவச்சிருக்கான்."

சங்காலா சுவரில் சாய்ந்து நின்றான். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். முதுகுத்தண்டு தேய்ந்துவிட்டது, இனிமேல் தூக்கினால் நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதினொரு மணிக்கு, விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியிலிருந்து கேப்டன் மார்செலா வருகிறார். பள்ளியின் சிமுலேட்டர் அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த வேலை கிடைக்க, அவர் முன்னால் சங்காலா பறந்து காட்ட வேண்டும்.

"வரட்டும் அந்தம்மா. இவன் கூட இருந்தே குழி பறிக்கிறவன்னு சொல்லித்தான் அனுப்புவேன்," என்றார் முஸ்தாரி.

"நான் அழிச்சா என்னோடத மட்டும் விட்டுட்டா போவேன்?" என்றான் சங்காலா. "அவ்வளவு கூமுட்டையா நானு?"

"ஆமா. அதான் மாட்டிக்கிட்ட."

தென்ரி குறுக்கே கை நீட்டினாள். "இதோட பிரதி இருக்கா, டாயெங்?"

"வீட்ல இருக்கு. காலையில கூட ஜோராப் பறந்துச்சு. அதைத்தான் பென் டிரைவ்ல கொண்டாந்திருக்கேன்."

"கொடுங்க."

பிரதியை ஏற்றினாள். அதே ஓடுபாதை, அதே கறுப்பு ஓட்டைகள், அதே மௌனம். ஒற்றை முள் மட்டும் ஆடியது.

"சங்காலா, இவர் வீட்டுக்கும் போய் அழிச்சியா?"

"அவர் வீட்டு நாய் என்னைக் கண்டாலே கடிக்க வரும், அக்கா."

தென்ரி சிரிக்கவில்லை. திரையில் ஓடுபாதைக்கு அப்பால் இருந்த மலைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிந்தது.

"மலையெல்லாம் புதுசா?"

"பாப்புவா தீவு மலை. நேத்து நீங்கல்லாம் கிளம்பினப்புறம் போட்டேன். கேப்டன் வாயப் பொளக்கணும்ல."

"டிஸ்க்ல இடமே இல்லன்னு புலம்பினீங்களே?"

"பழைய சிமுலேட்டரத் தூக்கிட்டேன். அதுல இனி எவன் பறக்கப் போறான்?"

"வீட்லயும் தூக்கிட்டீங்களா?"

"வீட்ல ரெண்டும் இருக்கு. ஏன்?"

தென்ரி அவர் பக்கம் திரும்பினாள். "அழிச்சது நீங்கதான், டாயெங்."

"நானா!"

"அந்தக் காலத்துல விமானம் செய்றவங்களுக்கு ஒரு வசதி இருந்துச்சு. முள்ளும் சத்தமும் சொந்தமா செய்ய வேண்டாம். சிமுலேட்டரோட கூடவே வர்ற விமானத்துலேருந்து எடுத்துக்கன்னு வழி காட்டிவிட்டாப் போதும். நீங்க அதத்தான் பண்ணியிருக்கீங்க. புதுசுல பறந்தப்பவும் இது பழசோட முள்ளத்தான் இரவல் வாங்கிக் காட்டிக்கிட்டிருந்துச்சு. உங்க வீட்ல பழசு இன்னும் இருக்கு, அங்க பறக்குது. இங்க தூக்கிட்டீங்க, எதக் காட்டும்?"

"அப்ப இவன் முள்ளு மட்டும்?"

"அதத்தான் நீங்க சாட்சியா நிறுத்துனீங்க. இந்த விமானத்துக்குள்ளயே இருக்கறது அது ஒண்ணுதான். கையால செஞ்சதும் அது ஒண்ணுதான். சந்தேகம்னா பழசத் திரும்பப் போட்டுப் பாருங்க, எல்லா முள்ளும் ஆடும்."

முஸ்தாரி கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"வருஷக்கணக்கா நானே செஞ்சேன், நானே செஞ்சேன்னு சொல்லி..." என்றார். "எனக்கே அப்படித்தான்னு ஆயிடுச்சு."

படிக்கட்டில் செருப்புச் சத்தம். கேப்டன் மார்செலா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். குட்டையான உருவம், வெயிலில் கறுத்த முகம். திரையைப் பார்த்ததும் நின்றார்.

"என்ன ஆச்சு இதுக்கு?"

எல்லோரும் முஸ்தாரியைப் பார்த்தார்கள். அவர் சங்காலாவைப் பார்த்தார்.

"என் தப்பு, கேப்டன். தெரியாம அழிச்சுட்டேன். பையன் மேல ஒண்ணும் இல்ல. ஒரு மணி நேரம் கொடுத்தீங்கன்னா சரி பண்ணிடுறேன்."

"ஒரு மணி நேரமா? நான் படகு பிடிக்கணும்." கேப்டன் சங்காலாவிடம் திரும்பினார். "இப்படியே இறக்குவியா?"

சங்காலா உட்கார்ந்தான். விமானத்தை மேலே ஏற்றினான். வேகமும் தெரியாது, உயரமும் தெரியாது. முஸ்தாரியின் மலைகளை மட்டும் பார்த்துப் பள்ளத்தாக்கைச் சுற்றினான். சரிவில் இருந்த மண் ஓடுபாதையில் இறக்கினான். விமானம் ஒரு தடவை குதித்து, நகர்ந்து, நின்றது.

"முள்ளு எல்லாம் இருந்தா எவன் வேணும்னாலும் இறக்குவான்," என்றார் கேப்டன். "திங்கக்கிழமை வேலைக்கு வந்துடு."

சங்காலா எழுந்து நன்றி சொல்லப் பார்த்தான். இடுப்பு விடவில்லை. கேப்டன் அவன் தோளில் கை வைத்து அழுத்தினார்.

"உட்காருப்பா. உட்கார்ந்து செய்ற வேலைதான்."