சுவருக்குள் ஒரு முனகல்

தோணிரேவில் ஏரியை ஒட்டிய கடைசி வீடு வெகுகாலம் பூட்டிக் கிடந்தது. போன மாதம்தான் பெனிட்டாவின் குடும்பம் அங்கே குடிவந்தது. வந்த நாள் முதல் பெனிட்டா சரியாகத் தூங்கவில்லை.

ஏரி கறுக்கத் தொடங்கி விளக்கைப் போட்டதும் அது ஆரம்பிக்கும். சுவருக்குள்ளிருந்து மெல்லிய முனகல் கேட்கும். உடனே விளக்கு மங்கும், யாரோ அதன் முன்னால் நடந்து போவதுபோல. பிறகு தானாகவே வெளிச்சம் திரும்பும்.

ஏரியில் மூழ்கிப்போன யாரோ கரையேறி வருவதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். பெனிட்டாவின் அம்மா சோபியா முதலில் அதை நம்பவில்லை. மகள் அழுது அழுது மெலிவதைப் பார்த்ததும், ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்துவிடலாம் என்று முடிவெடுத்தார்.

அடுத்த வீட்டுச் சந்தியாவுக்கு இது தாங்கவில்லை. அவள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஐந்து வயது பெனிட்டா அவள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு திரிபவள். அவள் போய்விட்டால் தெருவே வெறிச்சோடிவிடும்.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரம். பெனிட்டாவும் சோபியாவும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சந்தியா மட்டும் உள்ளே போனாள்.

முனகல் கேட்டது. விளக்கு மங்கியது. அவள் நிழல் தரையோடு கரைந்துபோனது. பயத்தில் சுவரைப் பிடித்தாள். சுவர் சுட்டது. காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது. ஒரே ஓட்டமாக வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, அது உன்னத் தொட்டுச்சா?" என்று பெனிட்டா கேட்டாள்.

சந்தியா மூச்சு வாங்கினாள். "இல்ல. நான்தான் அதத் தொட்டேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே யோசனை வந்தது. பேய்க்குக் காய்ச்சல் வருமா?

பள்ளியில் கணினி வகுப்பில், திரையில் ஒரு நண்டை நடக்கவைக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். 'பாறை வந்தால் திரும்பு, இல்லையென்றால் நட' என்று கட்டளை எழுத வேண்டும். நண்டு தப்பாகப் போனால், கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். எதை நிறுத்தினால் தப்பு நிற்கிறதோ, கோளாறு அங்கேதான்.

இங்கே முதலில் முனகல், அப்புறம்தான் விளக்கு மங்குகிறது. முனகுவது எது? சுவருக்கு அந்தப் பக்கம், சோபியா விற்பதற்காக இறால் வைக்கும் இரண்டு பெரிய குளிர்பெட்டிகள் இருந்தன.

"சோபியாக்கா, ரெண்டு பெட்டியையும் கொஞ்ச நேரம் நிறுத்துறீங்களா?" என்று கேட்டாள்.

சோபியா நிறுத்தினார். மூவரும் கையைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார்கள். விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்தது. ஒரு பெட்டியைப் போட்டதும் லேசாக மங்கியது. இரண்டாவதையும் போட்டதும் வீடே இருண்டதுபோல் ஆனது. கூடவே தலைமுடி கருகுவதுபோல் ஒரு நாற்றம்.

"இன்னாடி இது?" சோபியா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மெயின அணைச்சிடுங்கக்கா. சீக்கிரம்."

வீடு இருட்டில் மூழ்கியது. அந்த இருட்டில், சுவிட்ச் பலகையின் ஓரத்தில் சின்னதாய், சிவப்பாய் ஒரு கண் அவர்களையே பார்த்தது. பிறகு மெல்ல மூடிக்கொண்டது. பெனிட்டா சந்தியாவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

அன்று இரவு பெனிட்டாவையும் சோபியாவையும் சந்தியாவின் வீட்டில் படுக்கவைத்தார்கள். இறால் கெடாமல் இருக்க, சந்தியாவின் நைனா வேணு ஐஸ் கொண்டுவந்து கொட்டினார்.

காலையில் மின்வேலை செய்யும் மோகனப்பிரியா வந்து பலகையைத் திறந்தாள். உள்ளே ஒயர் கருகி, மேல்தோல் உருகி வழிந்திருந்தது. பல்புக்காகப் போட்ட மெல்லிய ஒயரிலேயே இரண்டு பெட்டிகளையும் யாரோ இணைத்திருந்தார்கள். இருட்டில் கண்ணாகத் தெரிந்தது, கனன்றுகொண்டிருந்த ஒயரின் முனைதான்.

சந்தியா அதை உற்றுப் பார்த்தாள். "ஏரி முகத்துவாரத்துல மண்ணு மூடிக்கினா, தண்ணியெல்லாம் சின்ன வழில முட்டிக்கினு போகுமே, அதுமாதிரியாக்கா?"

"அதேதான். ஆனா தண்ணி கரைய அறுக்கும், இது சூடாகிப் பத்திக்கும்" என்றாள் மோகனப்பிரியா. விளக்குக்கு ஒன்றரை ஸ்கொயர் பருமனுள்ள மெல்லிய ஒயர் போதும் என்றும், பெட்டிகளுக்குத் தனியாக நாலு ஸ்கொயர் தடித்த ஒயர் இழுக்கப்போவதாகவும் சொன்னாள்.

பகலில் ஏன் பேய் வரவில்லை என்று சோபியா கேட்டார்.

"பகல்லயும் வந்திருக்கும்க்கா. தெரு இரைச்சல்ல முனகல் கேட்டிருக்காது. நாமதான் பகல்ல விளக்கே போடலையே" என்றாள் சந்தியா.

வேலை சாயங்காலம் முடிந்தது. பேயைப் பார்க்கத் தெருவே வாசலில் கூடியது. விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. வெகுநேரம் காத்திருந்த சிலர், ஏமாந்த முகத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

சோபியா இறால் குழம்பு வைத்து எல்லோருக்கும் சோறு போட்டார். பெனிட்டாவுக்குச் சந்தியா ஊட்டினாள். மூன்றாவது வாய்க்குக் குழந்தை வாயைத் திறக்கவில்லை. சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அவள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.